ஒக்டோபர் கடைசியில் ஏரிக்கரைக் கபினுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

ஒன்ராறியோவின் ஏரிப்பக்கங்களில் கபின் வாடகைக்கு விடுகிறவர்கள் போடுகிற படங்கள் அநேகமாக யூலையில் எடுத்தவை. நீலத் தண்ணீர், மரத்தாலான டொக் (படகுத்துறை), அதில் இரண்டு சாய்கதிரை, கூரையில் சூரியத்தகடு. மின்கம்பி இல்லை, போன் சிக்னல் இல்லை என்பதையே பெருமையாக எழுதியிருப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து செய்து, வீட்டில் மைக்ரோவேவ் மணி அடித்தாலும் எழும்பி ஓடுகிற நிலைக்கு வந்திருந்தேன். ஒருவரும் கூப்பிட முடியாத இடத்தில் கொஞ்ச நாள் கிடந்தால் போதும் என்று, ஹலிபேர்ட்டன் பக்கம், டோர்செட் ஊருக்கு அப்பால் ஒரு சின்ன ஏரிக்கரையில் கபின் ஒன்றைப் பதிவு செய்தேன். ஒக்டோபர் கடைசி வார இறுதி. துப்புரவுக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து 640 டொலர். கோடையில் இதே இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலை ஏன் இறங்கியது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு இன்னொரு 700 டொலர் மிஞ்சியிருக்கும்.

தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, தனியப் போய் அங்க என்ன செய்யப்போறீங்கள்?" என்றான். ஒன்றும் செய்யப்போவதில்லை, அதற்குத்தான் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, நீங்கள் வராட்டி நான் எத்தனை மணிக்குப் பொலிசுக்கு எடுக்கிறது?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது. ஆனால் தனியாகப் போகிற ஒவ்வொருவரிடமும் வீட்டில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கபினின் விலாசம், வீதியோரத்து எண் பலகையின் இலக்கம், காரின் இலக்கம், கபின்காரரின் போன் இலக்கம் எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பினேன். ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் பொலிசுக்கு எடு என்று எழுதினேன். "பின்னேரம் எடுக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மணி சொல்லாவிட்டால், வீட்டில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றே விடிய வைத்துவிடுவார். ஐபோன் 14 முதல் செய்மதி வழியாக அவசர உதவி கேட்கும் வசதி இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து கனடாவிலும் அது வேலை செய்கிறது. என்னுடைய போன் அதற்கு முந்தியது.

வேலை முடிந்து பிந்தி வெளிக்கிட்டதால் 35ஆம் நெடுஞ்சாலையில் மின்டன் தாண்டும்போதே வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிட்டது. மேப்பிள் இலையின் நிறம் பார்க்கிற காலம் செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதற்பகுதியும்தான். நான் போனபோது மேப்பிள் எல்லாம் மொட்டை. ஆனால் சதுப்பு ஓரங்களில் டமராக் மரங்கள் மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. ஊசியிலை மரமாக இருந்தும் குளிருக்கு முன் இலை கொட்டுகிற சாதி அது. அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு ஓடியதில் நேரம் போனது தெரியவில்லை. ஒக்டோபர் கடைசியில் அங்கே ஆறு மணிக்கெல்லாம் பொழுது படும். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றிவிட்டால் ஐந்து மணியளவிலேயே பொழுது பட்டுவிடும்.

டோர்செட் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தேன், அது காப்பாற்றியது. தார்ப்பாதை முடிந்து கிறவல், கிறவல் முடிந்து இரண்டு தடம் மட்டும் உள்ள தனியார் பாதை. அதன் வாயிலில் காரின் வெளிச்சத்தில் ஒரு பலகை தெரிந்தது: கோடைப் பாதை, குளிர்காலப் பராமரிப்பு இல்லை. இன்னும் குளிர்காலம் தொடங்கவில்லையே என்று போனேன். கடைசியில் ஏரியை நோக்கி ஒரு செங்குத்தான இறக்கம். இறங்கும்போது கஷ்டம் தெரியவில்லை.

கபின் விளம்பரத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தக் கடைசிக் கிலோமீற்றரைப் பற்றிய தகவல். என் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. பாதை யாருடையது, பனி கொட்டினால் யார் வழிப்பார்கள், சாதாரணக் கார் ஏறுமா, மேட்டில் காரை விட்டுவிட்டு நடக்கலாமா என்று கேளுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். பகலில் போயிருந்தால் அந்த இறக்கம் வடக்குப் பார்த்தது, மரங்களின் நிழலிலேயே கிடப்பது என்பதை நானும் கண்டிருப்பேன்.

உள்ளே மேசையில் கபின்காரரின் குறிப்பு. நன்றி சொல்லும் நாள் விடுமுறையோடு தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட்டோம், வாளி சிங்குக்குக் கீழே இருக்கிறது, ஏரியிலிருந்து எடுக்கவும். அங்கே பெரும்பாலானோர் செய்வதுதான். குழாயில் தண்ணீர் நின்று உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆனால் அதைக் காசு வாங்கும் முன் சொல்லலாமே. சுவரில் பற்றரியின் அளவுகாட்டி 12.2 என்று காட்டியது. அந்த எண்ணின் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. ஈயப் பற்றரி நிறைந்திருந்தால் 12.7 வோல்ற் காட்டும், 12.1க்கு வந்தால் பாதி முடிந்தது. அதற்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். யூலையில் பகல் முழுக்க வெயில் குடிக்கிற தகடு, ஒக்டோபர் கடைசியில் பைன் மரத்துக்கு மேலே எழும்பாத சூரியனையும் மேகத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அடுத்த நாள் இரவே விளக்கு சிமிட்டி, பெட்டி கீக் கீக் என்று கத்தி நின்றுவிட்டது. தலையில் கட்டும் லைட்டும் அதற்கு மேலதிக பற்றரியும் கொண்டு போங்கள். போனைக் குளிரில் வெளியே விடாமல் உடம்போடு வைத்திருங்கள். குளிரில் போன் பற்றரி பாதியிலிருந்து சடாரென்று செத்துவிடும்.

அடுப்பு மூட்டியதை நினைத்தால் இன்றும் கண் எரிகிறது. யாழ்ப்பாணத்தில் விறகடுப்பு ஊதி வளர்ந்தவள் நான், இரும்பு அடுப்பா பெரிய விஷயம் என்ற எண்ணம். பேப்பர், சுள்ளி, மேலே கட்டை வைத்துப் பற்ற வைத்தேன். புகை மேலே போகவில்லை. கதவு வழியாக என் முகத்துக்கே திரும்பியது. பல நாள் பாவிக்காத புகைபோக்கிக்குள் குளிர்காற்று பாரமாக உட்கார்ந்திருக்கும். அது கீழ்நோக்கித் தள்ளும்போது நீங்கள் அடியில் எத்தனை நெருப்பு வைத்தாலும் புகை அறைக்குள்தான் வரும். முதலில் புகைபோக்கியின் அடைப்புத் தட்டு திறந்திருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு ஒரு பேப்பரை முறுக்கிப் பற்ற வைத்து, அடுப்பின் மேற்பகுதியில் குழாய் வாய்க்குக் கிட்டப் பிடிக்க வேண்டும். குழாய் சூடானதும் குபுக் என்று ஒரு சத்தம், சுவாலை மேலே இழுபடும். அப்புறம்தான் அடியில் நெருப்பு. இதை நான் கண்டுபிடிக்க இரவு பத்து மணியாகிவிட்டது. அதற்குள் உடுப்பு, தலைமயிர், தலையணை எல்லாம் புகை.

விறகும் ஈரம். ஒரு தார்ப்பாய்க்குக் கீழே, நேராக நிலத்தில் அடுக்கியிருந்தார்கள். கோடரியால் பிளந்தால் நடுப்பகுதி காய்ந்திருக்கும். வெள்ளை பேர்ச் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தாலும் எரியும். விழுந்து கிடக்கிற கட்டைகளில் கடதாசி மாதிரி உரிகிறதை எடுத்துக்கொள்ளலாம், நிற்கிற மரத்தில் உரிக்க வேண்டாம். ரொறன்ரோவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போக நினைக்காதீர்கள். ஆஷ் (ash) என்ற மரங்களைத் தின்றழிக்கிற பச்சை வண்டு அப்படித்தான் ஊரூராகப் பரவியது. அங்கேயே வீதியோரத்தில் பை பையாக விற்கிறார்கள்.

சமையலுக்கு நான் கொண்டுபோனது எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கிற அந்த மேசை அடுப்பு. பக்கத்தில் நீளமான பியூட்டேன் ரின் போடுவது. வீட்டு விழாக்களுக்குக் கராஜில் வைத்து வடை பொரிப்போமே, அதுதான். காலையில் வெளியே படியில் வைத்துத் திருகினேன், டிக் டிக் என்று பொறி மட்டும் வந்தது. ரின் நிறைய இருக்கிறது, குலுக்கினால் தளும்புகிறது, நெருப்பு இல்லை. பியூட்டேன் கொதிநிலை ஏறத்தாழ பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. அந்தக் குளிரில் அது திரவமாகவே கிடக்கும், வாயுவாக எழும்பாது. புரோப்பேன் கழித்தல் 42 வரை தாங்கும்; ஆகவே இந்தக் காலத்தில் பச்சை நிறப் புரோப்பேன் சிலிண்டரில் வேலை செய்கிற அடுப்புத்தான் சரி. ரின்னைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கினால் கொஞ்ச நேரம் எரியும். ஒரு தேத்தண்ணிக்கு அது போதுமாயிருந்தது. விறகடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ரின்னை வைத்துவிடாதீர்கள், வெடிக்கும். கபினுக்குள் கொண்டுபோய் எரிப்பதும் வேண்டாம், அதற்கான காரணம் அடுத்துச் சொல்லப்போவது.

அடுத்த இரவு, நெருப்பு விடியும் வரை நிற்கட்டும் என்று அடுப்பை நிரப்பி, காற்று போகும் துவாரத்தைக் குறைத்துவிட்டுப் படுத்தேன். யன்னல் எல்லாம் பூட்டு. தலை இடித்தது. இரவு வேலைக்காரிக்குத் தலையிடி புதிதில்லை. வயிறும் பிரட்டியது, சம்பல் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை மணியோ தெரியாது, பீப் பீப் பீப் பீப் என்று நான்கு தரம் அடித்து நின்று, மறுபடி நான்கு அடித்தது. இல்லத்தில் தந்த பயிற்சி அந்த அரைத்தூக்கத்திலும் வந்தது: மூன்று அடித்தால் புகை, நான்கு அடித்தால் காபன் மொனொக்சைட், நிமிடத்துக்கு ஒருதரம் கீச்சென்றால் அலாரத்தின் பற்றரி முடிகிறது. கதவைத் திறந்தபடியே விட்டு, சொக்ஸோடு வெளியே ஓடினேன். கால் மடங்கியது. காருக்குள் இருந்து நடுங்கிக்கொண்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. மணமும் நிறமும் இல்லாத வாயு. அணைந்துகொண்டு போகிற தணலில் அது நிறைய வரும். புகைபோக்கி ஆறி இழுவை குறைந்தால் அறைக்குள்தான் தங்கும். முறைப்படி வெளியே வந்து 911க்கு எடுக்க வேண்டும், எனக்கு அது வழியில்லை. அலாரம் ஓய்ந்து, கபின் நன்றாகக் காற்றாடிய பிறகும் உள்ளே போக மனம் வரவில்லை, விடியும் வரை காருக்குள்ளேயே இருந்தேன்.

அந்த அலாரத்தைச் சுவரில் பூட்டி வைத்தது ஒன்றுதான் கபின்காரர் எனக்குச் செய்த நன்மை. அதுவும் ஒன்ராறியோவில் விறகோ எரிவாயுவோ எரிகிற வீட்டுக்குச் சட்டப்படி இருக்க வேண்டியது, கொட்டேஜ் என்றாலும் விலக்கில்லை. அதை நம்பியும் போகாதீர்கள். பற்றரியில் வேலை செய்கிறது 30, 40 டொலருக்குக் கிடைக்கிறது; வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். நெருப்பைத் திணறவைத்து இரவைக் கடத்துவதைவிட, எரிந்து முடியவிட்டு, பூச்சியத்துக்குக் கீழான குளிருக்கென்றே செய்த தூக்கப்பைக்குள் படுப்பது நல்லது. ஒரு யன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

பகலில் ஏரி வடிவாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. தென்திசைக்குப் பறக்காத ஓர் இளம் லூன் தனியாக மிதந்துகொண்டிருந்தது, நானும் அதுவும் மட்டும். ஆனால் அந்த ஏரியில்தான் வாளியும் நனைய வேண்டும். டொக் பலகையில் விடியற்புறப் பனி கண்ணாடி மாதிரிப் படிந்திருந்தது. குளிர்நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்று மனிட்டோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் பரப்பிய ஒரு கணக்கு இருக்கிறது: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கையும் காலும் சொன்னதைக் கேட்பது பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். பத்து நிமிடத்துக்குள் ஏறாவிட்டால், உயிர்காப்பு அங்கி இல்லாதவருக்கு அந்த மூன்றாவது எண் பயன்படாது. நான் கபினில் தொங்கிய அங்கியைப் போட்டுக்கொண்டு, டொக்கை விட்டு, கரைக்கல்லில் குந்தியிருந்து தண்ணீர் அள்ளினேன். வாளியோடு ஆரஞ்சு அங்கி போட்ட ஒரு பொம்பிளை. பார்க்க ஒருவரும் இல்லை. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். பீவர் காய்ச்சல் என்று அங்கே சொல்கிறார்களே, அது ஜியார்டியா. ஊருக்கு வந்தும் கிழமைக்கணக்கில் வயிற்றால் அடிக்கும்.

இன்னொன்று, நெத்தலிக் கருவாடு கொண்டு போகாதீர்கள். எலி பாணைத் துளைத்தது, கருவாட்டுப் பையைக் கிழித்தது, கபின் முழுக்க மணம். குளிர்கால உறக்கத்துக்கு முன் கறுப்புக் கரடிகள் வயிற்றை நிரப்புகிற காலம் அது. சாப்பாடு, குப்பை எல்லாவற்றையும் இறுக்கமான பெட்டியில் போட்டு, இரவில் காருக்குள் பூட்டினேன். அந்தக் கார் இன்றும் மழை நாளில் பருத்தித்துறைச் சந்தை மாதிரி மணக்கும்.

ஞாயிறு விடிய ஈரப்பனி கொட்டியிருந்தது, ஒரு சாண் அளவு. என் காரில் எல்லாப் பருவத்துக்குமான ரயர். ஏழு பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிவிடும். குளிர்கால ரயர் மாற்ற, ரொறன்ரோக்காரர் எல்லோரையும் போல நானும் நவம்பர் நடுவில்தான் நாள் எடுத்திருந்தேன். கியூபெக்கில் சட்டம், ஒன்ராறியோவில் அவரவர் விருப்பம். போட்டால் காப்புறுதியில் கொஞ்சம் கழிவு தருவார்கள். மேடு பாதி ஏறி, கார் வழுக்கிப் பின்னால் வந்து, ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கியது. மத்தியானம் உருகும் என்று காத்திருந்தேன். வடக்குப் பார்த்த சரிவில் அந்த மாத வெயில் படவே இல்லை. கடைசியில் தண்ணீரையும் விசிலையும் எடுத்துக்கொண்டு, காரின் கண்ணாடியில் எங்கே போகிறேன் என்று எழுதி ஒட்டிவிட்டு, கிறவல் பாதையை நோக்கி நடந்தேன்.

வந்தது ஒரு பிக்கப். உள்ளே ஆரஞ்சுத் தொப்பியும் அங்கியுமாக வயதான ஒருவர், பின்னால் துப்பாக்கிப் பெட்டி. தனிப் பொம்பிளை, காட்டுப் பாதை, துப்பாக்கி. என் நெஞ்சு அடித்த அடியை எழுத முடியாது. அவர் கண்ணாடியை இறக்கி முதலில் கேட்டது, "இந்த நிறக் கோட்டோடு இந்தப் பக்கம் நடக்கிறீர்களா?" மண்ணிறக் கோட். ஒக்டோபரும் நவம்பரும் அங்கே மூஸும் மானும் சுடுகிற காலம். துப்பாக்கி வேட்டை நடக்கும்போது வேட்டைக்காரரே சட்டப்படி ஆரஞ்சு போட வேண்டும். நடக்கிற எங்களுக்குக் கட்டாயமில்லை, ஆனால் பத்து டொலருக்கு ஒரு ஆரஞ்சு அங்கி வாங்கலாம். பொலிசும் தம்பியும் என்னை எட்டு மணிக்குத் தேடுவார்கள் என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். அவர் சிரித்து, "கெட்டிக்காரி" என்றார். சிக்னல் வரும் மேட்டில் இறக்கி, நான் பேசி முடிக்கும் வரை நின்றார்.

வருடா வருடம் சந்தா கட்டுகிற வீதி உதவிக்கு எடுத்தேன். பராமரிக்கப்படாத தனியார் பாதைக்கு வரமாட்டோம் என்றார்கள். போகுமுன் உங்கள் சந்தாவில் அந்தப் பிரிவைத் தேடி வாசியுங்கள். உள்ளூர் டோ ட்ரக் ஒன்று வின்ச் கட்டி இழுத்தது, 450 டொலர், 13 வீத வரியோடு 508.50. திங்கள் வேலைக்குப் போக முடியவில்லை, அது ஒரு 170. கபின் காசையும் கூட்டினால் 1,300க்கு மேல். ஏழே முக்காலுக்குத் தம்பிக்கு எடுத்தேன். "அக்கா, இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது" என்றான், குரல் சரியில்லை.

இந்தக் காலத்தில் காடும் அமைதியும் வேண்டும், ஆனால் இவ்வளவு பயப்பட முடியாது என்றால் அல்கொன்குயின் பூங்காவில் மியூ லேக் முகாம் இருக்கிறது. 60ஆம் நெடுஞ்சாலையோரம், வருடம் முழுவதும் திறப்பு, மின்சூடாக்கி வைத்த யேர்ட் கூடாரங்கள். பூங்காப் பதிவு ஐந்து மாதத்துக்கு முன் திறக்கும், வார இறுதிகள் உடனே முடிந்துவிடும், கிழமை நாளைப் பாருங்கள்.

கபின்காரருக்கு எழுதினேன். விளம்பரத்தில் பருவகாலப் பாதை என்று ஒரு சொல் இருக்கிறது என்றார். தேடினேன், கட்டண விவரத்துக்கு அடியில் இருந்தது. நிறைய இழுபறிக்குப் பிறகு துப்புரவுக் கட்டணம் 95 டொலரை மட்டும் திருப்பித் தந்தார். இப்போது காசு கட்டுமுன் எல்லாக் கபின்காரருக்கும் ஒரே செய்தியை அனுப்புகிறேன்: நான் வரும் வாரத்தில் கடைசிக் கிலோமீற்றர் எப்படி இருக்கும், தண்ணீர் ஓடுமா, விறகு எங்கே அடுக்கியிருக்கிறது, அலாரம் எந்த ஆண்டில் வாங்கியது, சிக்னல் கிடைக்கும் மிகக் கிட்டிய இடம் எது, உங்கள் பாதைக்கு வருகிற டோ ட்ரக்காரர் யார். பாதிப்பேர் பதில் போடுவதில்லை. பான்கிறொவ்ற் பக்கத்து வயதான அம்மா ஒருவர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் நீளமாக எழுதினார். மே நடுவிலிருந்து யூன் வரை கறுப்பு ஈ கடித்துக் கொன்றுவிடும், ஒக்டோபரில் என் மேட்டை நானே ஏறமாட்டேன், ஓகஸ்ட் கடைசியில் வாருங்கள் என்றார். ஓகஸ்ட் கடைசிக்கு முற்பணம் கட்டியிருக்கிறேன்.